நாலாவது சட்டி

என் சட்டியில் ஒரே ஒரு புளியங்கொட்டை கிடந்தது.

சட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். வேறெதுவும் விழவில்லை.

கோட்டைப்பட்டினத்தில் மீன் விற்கும் பெண்கள் சங்கத்தின் கட்டடம் அது. முப்பது பெண்கள் பாயில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பாயில்தான் இருந்தேன். எல்லோரும் சமம் என்று காட்ட, நாற்காலிகளை நானே வெளியே தூக்கிப் போட்டிருந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

எங்கள் அறக்கட்டளை இந்த வருடம் திருந்திவிட்டது. யாருக்கு என்ன தேவை என்று சென்னையில் ஏசி அறையில் முடிவு செய்யக் கூடாதாம், மக்களே முடிவு செய்ய வேண்டுமாம். நிதி குறைந்துவிட்டதால் நாலு செலவுகளில் ஒன்றை நிறுத்தியாக வேண்டும். எதை நிறுத்துவது என்று இந்தப் பெண்களே ஓட்டுப் போட்டுச் சொல்லட்டும். குறைந்த ஓட்டு வாங்கியது போய்விடும்.

ஐஸ் பெட்டி, கருவாடு காயப்போடும் மேடை, எடை மிஷின். நாலாவது, ஜீப்பும் நானும்.

என்னைச் சேர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானேதான் சேர்த்தேன். அதைச் சொன்னபோது சென்னையில் கை தட்டினார்கள். ஒரு அம்மாள் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். இந்தப் பெண்களின் வீட்டு விசேஷம் ஒன்றைக்கூட விடாமல் போய்ச் சாப்பிட்டவன் நான், என்னைப் போய் நிறுத்துவார்களா என்ற தெம்புதான். வேலை போனால் புதுக்கோட்டை வீட்டுக் கடனை யார் கட்டுவது என்பது கைதட்டலில் மறந்துபோயிற்று.

வாசிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு சட்டியின் முன்னாலும் ஒரு படம். வரைந்தது நான்தான். ஐஸ் பெட்டியைச் சின்னதாக வரைந்தேன். ஜீப்பை அட்டை முழுக்க வரைந்து, முன் சீட்டில் கண்ணாடி போட்டுச் சிரித்தபடி என்னையும் உட்கார வைத்தேன்.

சேலைத் திரைக்குப் பின்னால் சட்டிகள். ஆளுக்கு ஒரு விதை, எனக்கும் ஒன்று. பெருந்தன்மையாக அதை ஐஸ் பெட்டிக்குப் போட்டேன். எனக்குத்தான் குவியப்போகிறதே.

குவிந்த லட்சணம் இது.

"மனசுல எதும் வச்சுக்காதீங்க சார். இங்கிட்டு வந்தா வீட்டுக்கு வராமப் போயிடாதீங்க" என்றார் சங்கத் தலைவி நுஸைபா. அதற்குள் வழியனுப்பியே விட்டார்.

ஆனாலும் அந்த ஒற்றை விதையை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். யாரோ ஒருவருக்கு நான் வேண்டும்.

பின்வரிசையில் ரமீஜா எழுந்தார். தினமும் அறந்தாங்கிக்கு மீன் கூடை கொண்டுபோகிறவர். ஈரக் கூடை என்று பஸ்ஸில் ஏற்ற மாட்டார்களாம், எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"அது நான் போட்டது சார். அறந்தாங்கிக்கு மீன் ஏத்திட்டுப் போற வண்டிதானே அது? டிரைவரெல்லாம் ஒக்காந்திருக்காரே."

முப்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மீன் வண்டி என்று தெரிந்திருந்தால் அதற்கே போட்டிருப்பார்களாம்.

எனக்கு வெட்கமாக இருந்தது. விசேஷத்துக்கு விசேஷம் இவர்கள் கையால் சாப்பிட்டேன். கூடை எப்படிச் சந்தைக்குப் போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மார்க்கரை எடுத்து முன் சீட்டில் இருந்த கண்ணாடிக்காரனைக் கோடு கிழித்து அடித்தேன். வண்டியின் பின்னால் நாலு மீன் வரைந்தேன். கத்தரிக்காய் மாதிரி வந்தது. என் இடத்தில் மீன் வண்டியை வைத்து, மறுபடி ஓட்டு.

திரைக்குப் பின்னால் என் கை ஒரு கணம் நின்றது. பிறகு மீன் வண்டிக்கே போட்டேன்.

நாலாவது சட்டி நிறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து போன். எது ஜெயித்தது என்று கேட்டார் இயக்குநர். நாலாவது என்றேன்.

"எனக்குத் தெரியும் பீட்டர், உங்களை விட மாட்டாங்க!"

போனுக்குள் கை தட்டும் சத்தம் கேட்டது.