தும்மல்

அல்ஷிஃபா போனில் தும்மிவிட்டாள்.

தும்மியதோடு நின்றிருக்கலாம். சின்ன வயசுப் பழக்கம், "அல்ஹம்துலில்லாஹ்" என்றும் சொல்லித் தொலைத்தாள். மறுமுனையில் அமெரிக்க கஸ்டமர் அப்படியே பேச்சை நிறுத்திவிட்டார்.

"போச்சு!" என்றாள் பக்கத்து சீட் ஜாஸ்லின். "சிரிக்கக் கூடாது, இருமக் கூடாதுன்னு டிரெய்னிங்ல படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களேடி!"

மேனேஜர் டோமினிக் கூப்பிட்டனுப்பினார். அல்ஷிஃபா பதறிக்கொண்டு ஓடினாள். திருச்சி பாலக்கரை வீட்டில் இவள் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிகிறது.

"ஏசி குளிரு சார், தெரியாம வந்துடுச்சு. வேலையை விட்டுத் தூக்கிடாதீங்க சார்."

"தூக்கறதா? அமெரிக்க கம்பெனியிலேர்ந்து ஒரே பாராட்டும்மா. இனிமே நமக்கு டபுள் ரேட்டாம்."

"தும்மினதுக்கா சார்?"

"ஆமா. பேசறது நீன்னு அவங்களுக்குத் தெரியாதே! நாம வித்ததா அவங்க நம்பற ஏஐ மெஷின் மனுஷங்க மாதிரியே தும்மி, கடவுளுக்கு நன்றியும் சொல்லுதாம். இப்படி ஒரு கண்டுபிடிப்பை எங்கேயும் பார்த்ததில்லையாம்."

அல்ஷிஃபாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்போதுதான் கவனித்தாள், அந்த ஏசி குளிரிலும் டோமினிக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்த மெஷினை நேர்ல பார்க்க, திங்கக்கிழமை திருச்சிக்கு வராங்கம்மா."