மருதாம்பாளின் மதிப்பெண்

வாசலில் கிடந்த பயணப் பையில் தடுக்கி, டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்தபடி, விழாத குறையாக வீட்டுக்குள் வந்தாள் ராஜப்ரியா.

ஜெகதளா என்ற மலையூர்க்காரர்களின் தனிமை ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளப்பது அவள் உத்தியோகம். ரத்த அழுத்தத்துக்குக் கருவி உண்டு. இதற்கு மூன்று கேள்விகள்தான்; ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து மூன்று வரை மதிப்பெண். மதிப்பெண் கூடினால் தனிமை கூடியிருக்கிறது என்று கணக்கு.

போன முறை மருதாம்பாள் ஒன்பதுக்கு ஒன்பது. ஊரிலேயே முதலிடம்.

“கடந்த ஆறு மாதங்களில், பேச யாருமில்லை என்று உணர்ந்தீர்களா?”

முந்திக்கொண்டு பதில் வந்தது சோபாவிலிருந்து. கணவர் நாச்சிமுத்து, ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

“அவளுக்கென்னங்க தனிமை? நானொருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கறனில்ல!”

சொல்லிவிட்டு டிவி சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

மருதாம்பாள் மூன்று கேள்விக்கும் இல்லை என்று தலையாட்டினாள். மூன்று மதிப்பெண். அதற்குக் கீழே இறங்க இடமே கிடையாது.

ராஜப்ரியாவுக்குப் புல்லரித்தது. எல்லாம் தங்கள் நிறுவனம் மாதாமாதம் நடத்தும் தேநீர்ச் சந்திப்பின் மகிமை. மருதாம்பாள் அதற்கு ஒரே ஒரு முறை வந்து, பஜ்ஜி வருவதற்குள் கிளம்பிவிட்டவள். அதனால் என்ன? ஆண்டறிக்கையில் அவள் படம் நிச்சயம்.

முன்னேற்றத்துக்குக் காரணம் என்ன என்பது கடைசிக் கேள்வி. மருதாம்பாள் தரையைப் பார்த்தாள். நாச்சிமுத்து பெருந்தன்மையாகத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

‘குடும்பத்தின் அரவணைப்பு’ என்று ராஜப்ரியா பதிந்துகொண்டாள்.

கேட்வரை வழியனுப்ப வந்த மருதாம்பாள், அடுத்த முறை எப்போது என்று கேட்டாள். ஆறு மாதம் ஆகும் என்றதும் அவள் முகம் வாடிவிட்டது.

“அப்ப மார்க்கு ஏறிப்போயிருக்கும் கண்ணு. எங்கூட்டுக்காரரு கண்ணு ஆபரேசனுக்குப் போனவரு, குளிரு ஆகாதுன்னு அஞ்சு மாசம் கோயமுத்தூர்ல பையன் ஊட்லயே இருந்தாரு. நேத்துத்தான் வந்தாரு.”

உள்ளேயிருந்து ரிமோட் எங்கே என்று ஒரு அதட்டல் கேட்டது.

மருதாம்பாள் திரும்பி நடந்தாள். இரண்டடி போனவள், ஏதோ நினைத்துக்கொண்டு வந்து ராஜப்ரியாவின் கையைப் பிடித்தாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

“இன்னொரு கண்ணு பாக்கி இருக்குது, கண்ணு.”