துபாசியின் மகன்

ஓட்டப்பந்தயத்தில் செல்லசாமி முதலில் வந்தான். யாரும் கைதட்டவில்லை.

ராகலைத் தேயிலைத் தோட்ட மைதானத்தில் தூறல். கயிற்றுக்கு அப்பால் நின்ற, லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் கூலியாட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

காட்டிக்கொடுத்தவன் மகன். அவனுக்கு வேறு பெயர் இருப்பதே பலருக்கு மறந்துவிட்டது.

கொழும்புக்குப் போனால் அது பின்னால் வராது. விளையாட்டுச் சங்கத் தலைவர் இன்று அவனைத் தேர்ந்தெடுத்தால் போதும். அங்கேயே வேலை, படுக்க இடம்.

தலைவர் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அதே வெள்ளைத் தலைப்பாகை.

முன்பு அவர் டில்லி சர்க்காரின் தூதுவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில் கூலியைக் குறைத்தபோது, விசாரிக்க இதே தோட்டத்துக்கு வந்தார்.

தலைப்பாகையைப் பார்த்தே, வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது என்று தோட்டம் முடிவு செய்தது. அவர் இங்கிலீஷில் கேட்டார். செல்லசாமியின் அப்பா பொன்னையா அதைத் தமிழில் சொன்னார். துரை பங்களாவில் சமைத்து இங்கிலீஷ் பழகியவர். அன்று அவர்தான் துபாசி.

பதில் சொல்லுமுன் ஆட்கள் அந்தத் தலைப்பாகைக்கு எதிரிலேயே தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வேலைநிறுத்தத்தை யார் நடத்துவது, யார் வீட்டில் கூடுவது. பொன்னையா அதை மொழிபெயர்க்கவில்லை. பணிவாக வேறு எதையோ சொன்னார்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, துரை அதே பெயர்களைக் கூப்பிட்டார். குடும்பம் குடும்பமாகத் தோட்டத்தைவிட்டு விரட்டினார்கள். பக்கத்து வீட்டு வீரம்மாவின் தங்கையுடைய குழந்தை வழியில் குளிரில் செத்தது.

லயத்தில் இங்கிலீஷ் தெரிந்தவன் ஒருவன்தான்.

அதன்பின் பொன்னையா வீட்டில் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. நான் சொல்லவில்லை என்று கொஞ்ச நாள் சொன்னார். பிறகு சொல்வதை விட்டார். பிறகு ஆற்றில் கிடந்தார்.

செல்லசாமிகூட அவரை நம்பவில்லை.

இன்று மைதானத்தில் துரை பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை, செல்லசாமியைப் பற்றி இங்கிலீஷில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். தலைவர் கேட்கவில்லை. எழுந்து வந்தார். செல்லசாமியின் தோளில் கை வைத்தார்.

"நல்லா ஓடுற தம்பி. ஏன் நடுங்குற? வா, கொழும்புக்குப் போவோம்."

தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழ். லயத்தில் பேசுகிற அதே தமிழ். அன்று ஒளித்த தமிழை இன்று ஓட்டப்பந்தயத்தில் ஒளிக்க என்ன இருக்கிறது.

கயிற்றுக்கு அப்பால் திருப்பிய முகங்கள் இந்தப் பக்கம் திரும்பின.

"அப்ப பொன்னையாண்ணன் சொல்லலையா?" என்றாள் வீரம்மா.

கை தோளிலேயே இருந்தது.

செல்லசாமி அதைத் தட்டிவிடவில்லை.