ஒச்சப்பனுக்கு நடந்த ஆபரேஷன்

"எனக்கு மூலம் ஆபரேஷன் ஆகி மூணு மாசம் ஆச்சு. இப்பப் பாருங்க, ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கேன்!"

அந்தமானில் பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தம் போகும் காலைப் படகில் கான்ட்ராக்டர் ஒச்சப்பன் போட்ட சத்தத்துக்கு, அந்தக் கோடிவரை தலைகள் திரும்பின.

'கர்மம், கர்மம்! எதைப் பேசுறதுன்னு விவஸ்தை இல்லை?' கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்த உதயசூரியன் பல்லைக் கடித்தார். அரசாங்க ஆபீஸில் சூப்பரின்டெண்ட். அவருக்கும் அதே வியாதிதான். எட்டு மாதமாக ரத்தம். இங்கே காட்டினால் தீவு முழுக்கத் தெரிந்துவிடும் என்று, பழனிக்கு வேண்டுதல் என்ற சாக்கில் மெயின்லேண்ட் போக லீவு சேர்த்துக்கொண்டிருந்தார். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

ஒச்சப்பன் பக்கத்திலிருந்த மீன்காரர் பிரகாசம் விடுவதாக இல்லை. "கத்தியா, லேசரா?"

"மூணு வழி இருக்குண்ணே. அறுத்து எடுத்தா வலி சாஸ்தி, புண்ணு ஆற ஒரு மாசம் ஆகும். ஆனா திரும்ப வர்றது கம்மி. ஸ்டேப்ளர்னா உள்ளேயே மேல இழுத்துத் தச்சுரும். வலி கம்மி, சீக்கிரம் வேலைக்குப் போகலாம். என்ன, சிலருக்குத் திரும்ப வரும். லேசர் சின்ன மூலத்துக்குச் சரி. முத்திப்போச்சுன்னா அம்புட்டாக் கேக்காது. எனக்கு ஸ்டேப்ளர்."

உதயசூரியனுக்கு வெட்கம் ஒரு பக்கம், வலி ஒரு பக்கம். வலிதான் ஜெயித்தது.

"என் மச்சான் ஒருத்தனுக்கு... எது நல்லது?"

"டாக்டர் பாத்துத்தான் சார் சொல்லணும். பாக்காம சொன்னா அது ஜோசியம். ரத்தம் போனா மட்டும் நாள் கடத்தக் கூடாது. மூலம்தானான்னே முதல்ல பாக்கணும். மச்சானை இங்கேயே காட்டச் சொல்லுங்க. டர்னா நஹீ, பயமே வேண்டாம்! டாக்டருக்கு நம்ம மூஞ்சியா ஞாபகம் இருக்கப்போகுது?"

படகே சிரித்தது. உதயசூரியனும் சிரித்துவிட்டார்.

மறுவாரமே போனார். முற்றிவிட்டது, அறுப்பதுதான் சரி என்றார் டாக்டர். ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம் கழித்து வலியில்லாமல் உட்கார்ந்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மைசூர்பாகு வாங்கிக்கொண்டு ஒச்சப்பன் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தது ஒச்சப்பனின் மனைவி புஷ்பா.

"ஆபரேஷனுக்கு அப்புறம் ஒச்சப்பனுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையேம்மா?"

"ஆபரேஷனா? அவருக்கா? காய்ச்சலுக்கு ஊசிகூடப் போட்டதில்லையே!" என்றவள் சட்டென்று சிரித்தாள். "ஓ, அந்தக் கூத்தா! படகுல யாரோ ஒருத்தர் உட்கார முடியாமத் தவிக்கிறாராம். டாக்டர்கிட்ட எல்லாத்தையும் கேட்டுட்டு வந்து ஒரு வாரமா மனப்பாடம் பண்ணாரு. 'நேராக் கேட்டா மனுசன் கூசிப்போவாரு, அந்த வெக்கத்தை நானே பட்டுட்டுப் போறேன்'னாரு. அது யாருன்னு கேட்டா மட்டும் இன்னைக்கு வரைக்கும் எங்கிட்டகூட வாயைத் தொறக்கலைங்க!"