ஹெலிகொப்டருக்குப் பதில்

கட்டிலில் ஆளுயர ரொக்கெட் ஒன்று படுத்திருந்ததால் சந்திரகாந்தி சோபாவில்தான் படுத்தாள். அதற்குப் போர்வை வேறு. பசை இறுகும்வரை குளிர் படக்கூடாதாம்.

வெடிமருந்து அனுமதி கிடைத்துவிட்டது என்று கணவர் இரத்தினம் சந்தோஷமாகச் சொன்னபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"பிள்ளையின்ர சாமத்திய வீட்டுக்கு மற்ற ஆக்கள் பூமாலைக்கு அலையிறவை. நீங்கள் வெடிமருந்துக்கு அலையிறியள்."

இரத்தினத்தையும் சும்மா குறை சொல்லக்கூடாது. போன வருடம் லண்டனில் அவருடைய தங்கையின் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்திய வீடு நடந்தது. தாய்மாமன் என்று தண்ணீர் வார்க்க வேண்டியவர் இவர். ஜெர்மனியில் இருந்த அவருக்கு இங்கிலாந்து விசா கிடைக்கவில்லை. யாரோ ஒன்றுவிட்ட மாமன் வார்த்தான், இவருக்கு டிவிடி மட்டும் வந்தது.

அந்த டிவிடியில்தான் வினை இருந்தது. மண்டபத்துக்கு முன்னால் புல்வெளியில் வெள்ளை ஹெலிகொப்டர் ஒன்று வந்து இறங்கியது. விசிறி சுழன்றுகொண்டிருக்க, அதன் முன்னால் மருமகள் பட்டுச்சேலையோடு நடந்து வந்தாள். பக்கத்தில் கோட் சூட்டோடு அவளுடைய தகப்பன் தம்பித்துரை, ஏதோ ஜனாதிபதி மாதிரிக் கையசைத்தார்.

"மச்சாளின்ர தலைமயிர் கொஞ்சமும் பறக்கேல்லை, அப்பா," என்றாள் மகள் கம்சனா.

லண்டன் பிள்ளைகள் ஸ்பிரே அடித்திருப்பார்கள் என்று இரத்தினம் அவள் வாயை அடைத்தார்.

அன்றிலிருந்து மனிதருக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. தங்கையோடு தொலைபேசியில் மண்டபம், சாப்பாடு, சேலை என்று எல்லாம் கதைத்தார். ஹெலிகொப்டரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பொறாமை வெளியே தெரிந்துவிடும் அல்லவா?

பான் நகரத்தில் அவர் வேலை செய்த, பாண் சுடும் தொழிற்சாலையில் ஒரு ஜெர்மன்காரர் ரொக்கெட் விடும் கழகத்தில் இருந்தார். ஹெலிகொப்டருக்குப் பதில் சொல்லும் பெட்டி அவர் மூலமாகத்தான் வந்தது. சந்திரனுக்கு ஆளைக் கொண்டுபோன ரொக்கெட்டை அளவு பிசகாமல் சுருக்கிய மாதிரி, துண்டு துண்டாக உள்ளே கிடந்தது. அந்தப் பாரத்துக்குப் பெரிய மோட்டார் வேண்டும், பெரிய மோட்டாருக்குப் பரீட்சை எழுதி அனுமதி எடுக்க வேண்டும். ஜெர்மன் குடியுரிமைக்குப் படிக்கவே பஞ்சிப்பட்ட மனிதர், இதற்கு இருந்து படித்துப் பாஸ் பண்ணினார்.

வேலையால் வந்த கையோடு ரொக்கெட்டின் வால் செட்டைகளைத் தேய்த்தார், ஒட்டினார், நேர் பார்த்தார், திருப்தி இல்லாமல் கழற்றித் திரும்பவும் ஒட்டினார். பரசூட் ஒட்டாமல் விரிய வேண்டும் என்று கம்சனாவின் முகப் பவுடரை முழுதாக அதில் கொட்டினார். அது விரியும்போது கொட்டுவதற்கு ரோசா இதழ்களும் உள்ளே போயின. சாமத்திய வீடே வேண்டாம், பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள் என்று அழுத பிள்ளை, ரொக்கெட்டைக் கண்ட பிறகுதான் சேலை கட்டச் சம்மதித்தாள்.

வீடியோவுக்கு லண்டன் டிவிடியை எடுத்த அதே கொட்வினைப் பிடித்தார். ஜெர்மன் பாஸ்போட் இருந்ததால் ஐரோப்பா முழுக்க அவனுக்குத்தான் ஓடர். விஷயத்தைக் கேட்டதும் கொட்வின் தலையைச் சொறிந்தான்.

"உண்மையா விடப் போறியளோ, அண்ணை?"

"பயமெண்டால் தூர நிண்டு எடு."

எல்லாம் சரியாக வந்த நேரத்தில் லண்டனில் இருந்து இடி விழுந்தது. கடையைப் பூட்ட ஏலாதாம், தம்பித்துரை குடும்பம் வராதாம். யாருக்குக் காட்டுவதற்கு இவ்வளவு பாடும்? இரத்தினம் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு, டிவிடி போகும்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

சடங்கு மண்டபத்தில் முடிந்ததும் எல்லோரும் கழகத்தின் வயல்வெளிக்குப் போனார்கள். சீனிக்கிழங்கு கிண்டிய வயல், சேறு வேறு. பட்டுச்சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்ட பெண்கள் சப்பாத்தைப் பார்த்துத் திட்டினார்கள். காற்று குறையாவிட்டால் விட ஏலாது என்று கழகத் தலைவர் சொன்னபோது இரத்தினத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

காற்று குறைந்தது. எல்லோரும் ஜெர்மன் மொழியில் பத்திலிருந்து கீழே எண்ணினார்கள். காதை அடைக்கும் இரைச்சலோடு ரொக்கெட் கிளம்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளியானது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. இரத்தினம் முருகனைக் கூப்பிட்டார்.

மேலே 'டப்' என்றது. சிவப்புப் பரசூட் விரிந்தது. ரோசா இதழ்கள் முழுவதும் காற்றோடு அடுத்த ஊர் வயலுக்குப் போய்விட்டன, ஆனால் கம்சனா கையைத் தட்டித் துள்ளினாள். சேலை கட்டியதிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான். இரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஹெலிகொப்டரை வாடகைக்கு யாரும் பிடிக்கலாம், இது தன் கையால் செய்தது என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

டிவிடி லண்டனுக்குப் போனது. அதன்பிறகு அவர் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்து சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வந்தது. தம்பித்துரைதான். இரத்தினம் சந்திரகாந்தியையும் கிட்டக் கூப்பிட்டு ஸ்பீக்கரை அழுத்தினார்.

"கொட்வின் இப்ப நல்லாத் தேறிட்டான், மச்சான்," என்றார் தம்பித்துரை. "எங்களுக்குக் கொம்பியூட்டரில செய்த ஹெலிகொப்டரைவிட உங்கட ரொக்கெட் அச்சொட்டா உண்மை மாதிரியே இருக்கு."