ஓடுப்பா

கூண்டில் நின்ற பையனுக்குப் பதினெட்டு வயது. மீசை சரியாக முளைப்பதற்குள் கொலை வழக்கு முளைத்துவிட்டது.

நகைக்கடை ஷட்டரை இறக்குகிற நேரத்தில் ஹெல்மெட் போட்ட ஒருவன் உள்ளே புகுந்தான். தடுத்த காவலாளியை இரும்புக் கம்பியால் அடித்தான். காவலாளி அங்கேயே போய்ச் சேர்ந்தார். ஹெல்மெட்காரன் நகைப் பையோடு பறந்துவிட்டான். வாசலில் நட்ட மரம் மாதிரி நின்ற இந்தப் பையன் மட்டும் கூட்டத்தின் கையில் சிக்கினான். போலீஸ் எவ்வளவோ ‘அன்பாக’ விசாரித்தும், ஓடியவன் யாரென்று அவன் வாயைத் திறக்கவில்லை.

முன் பெஞ்சில் பையனின் அப்பா. தங்கமான மனுஷன் என்று எல்லோரும் சொன்னார்கள். காவலாளியின் மனைவி உள்ளே வந்ததும் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தார். தண்ணீர் பாட்டிலையும் நீட்டினார். அந்தம்மா வாங்கவில்லை.

எதிர்க்கடைத் தையல்காரர் சாட்சி சொன்னார். “ஹெல்மெட் போட்டவன் மூஞ்சிய நான் பாக்கலைங்க. ஆனா இந்தப் பையன் ‘ஓடுப்பா, ஓடுப்பா’ன்னு கத்தினதை என் காதால கேட்டேன்.”

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். “பாத்தீங்களா ஐயா. கூட்டாளியத் தப்பிக்க விட்டிருக்கான். ஆயுள் தண்டனைக்குக் கொறைஞ்சு எதுவும் குடுக்கக் கூடாது.” தொண்டை வறண்டு, கோர்ட் சேவகரிடம் திரும்பினார். “கொஞ்சம் தண்ணி கொண்டாப்பா.”

பையனின் வக்கீல் இதற்குத்தான் காத்திருந்தார். “ஏங்க, சேவகர் உங்க கூட்டாளியா?”

“என்ன ஒளர்றீங்க?”

“இப்ப ‘கொண்டாப்பா’ன்னீங்களே.”

கோர்ட் சிரித்தது. பையனின் வக்கீலுக்குச் சூடு பிடித்தது.

“பஸ்ல ‘தள்ளுப்பா’. கடையில ‘குடுப்பா’. வீட்டுல என் சம்சாரத்தையே ‘சும்மா இருப்பா’ங்கிறேன். யாரைத்தான் நாம ‘ப்பா’ போடல? கம்பியப் பாத்ததும் இந்தப் புள்ள காவலாளியப் பாத்து ‘ஓடுப்பா’ன்னு கத்தியிருக்கு. காப்பாத்தப் பாத்தவனைக் கொண்டாந்து கூண்டுல ஏத்திட்டோம்.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “அப்படியாப்பா?” என்று பையனைக் கேட்டார். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டாவது சிரிப்பு முதல் சிரிப்பைவிடப் பெரிதாக இருந்தது.

பையன் அப்பாவைப் பார்த்தான். பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

அப்பாவும் சாட்சி சொன்னார். “எறும்பு ஊர்ந்தாக்கூட ஒதுங்கிப் போற புள்ளைங்க. நான் வளத்த வளப்பு அப்படி.” துண்டால் கண்ணைத் துடைத்தார். நீதிபதிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சாப்பாட்டு வேளை வரை ‘ப்பா’வைப் பற்றியே வாதாடினார்கள். படித்தவர்கள் கூடினால் ஒரு எழுத்தை விடமாட்டார்கள். செத்தவரைப் பற்றித்தான் யாரும் பேசவில்லை. அவர் எந்த இலக்கணத்திலும் வரவில்லை.

சந்தேகத்தின் பலன் பையனுக்கு. விடுதலை.

‘ப்பா’வைக் கண்டுபிடித்ததே தான்தான் என்பது போல வக்கீல் கோட்டை உதறிவிட்டுக்கொண்டார். காவலாளியின் மனைவி எழுந்து, யாரிடம் என்ன கேட்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

அப்பா வக்கீலின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மகனின் தோளை அணைத்தபடியே வண்டி நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போனார். சுற்றிலும் பார்த்தார். யாருமில்லை. ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டி, நிதானமாக வாரை இழுத்துப் பூட்டிய பிறகு மகன் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

“தொழிலுக்குப் போற எடத்துல என்னை ‘அண்ணே’ன்னு கூப்பிடுன்னு எத்தனை தடவைடா சொல்லியிருக்கேன்.”