மூன்றாம் வகுப்பு தூங்குகிறது

"சத்தம் போடாம வாங்க மேடம். பிள்ளைங்க தூங்குறாங்க."

மூன்றாம் வகுப்பு டீச்சர் உதட்டில் விரல் வைத்துச் சொன்னதும், கல்வி அதிகாரியின் கோபம் வாசலிலேயே தடுக்கி நின்றது. திட்டு வாங்க வேண்டியவள், வந்தவரையே அடக்குகிறாளே!

பின்னால் வந்த தலைமை ஆசிரியர் கையைப் பிசைந்தார். "நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன் மேடம். இது பள்ளிக்கூடமா, லாட்ஜான்னு கேட்டேன். மேலிடத்து உத்தரவு இல்லாம கூடாது, இந்த வாரத்தோட நிறுத்துன்னும் சொல்லிட்டேன்."

"அதுக்குள்ள எங்களுக்குப் புகாரே வந்தாச்சு சார். நேத்து யாரோ ஆபீசுக்குப் போன் பண்ணி, அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கிட்டு வகுப்புல பிள்ளைங்களைத் தூங்க வைக்கிறாங்கன்னு சொல்லியிருக்காங்க. பேர் கேட்டா வச்சுட்டாங்களாம். மானம் போகுது."

தலைமை ஆசிரியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு தன் அறைப் பக்கம் நழுவினார்.

அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார். பெஞ்சுகள் சுவரோரம் ஒதுங்கியிருந்தன. ஜன்னல்களில் நீலத் துணி. அதன் வழியே வந்த காலை வெளிச்சத்தில் அறை முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் இருந்தது. தரையில் விரிப்புகள், அவற்றின்மேல் சின்னச் சின்ன உடம்புகள். எல்லோருடைய மூச்சும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது. ஒரு பையன் தூக்கத்திலேயே யாருடனோ பேரம் பேசிக்கொண்டிருந்தான்.

அறையின் பின்பக்கம் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. "உக்காருங்க மேடம்" என்றாள் டீச்சர்.

"உக்காரறது இருக்கட்டும். என்னம்மா இதெல்லாம்?"

"இவங்கள்ல முக்கால்வாசிப் பேரோட அப்பா அம்மா காய்கறி மார்க்கெட்ல மூட்டை இறக்குறவங்க" என்று கிசுகிசுத்தாள் டீச்சர். "விடியறதுக்கு முன்னாடியே லாரி வந்துடும். வீட்ல பார்த்துக்க ஆள் கிடையாது. பிள்ளைங்களையும் எழுப்பிக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அங்க மூட்டை மேல உக்காந்திருந்துட்டு நேரா இங்க வருதுங்க. பாதிப் பேர் வீட்ல பேசுறது வேற பாஷை."

"அதனால?"

"வட்டாரத்துலயே கடைசி வகுப்பு இதுதான். படிக்காத அப்பா அம்மா, வேற பாஷை, இதுங்களுக்கு இவ்வளவுதான் வரும்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்பிட்டேன். ஒரு நாள் எனக்குத் தொண்டை கட்டிப் போச்சு. கத்த முடியாம சும்மா உக்காந்திருந்தேன். பார்த்தா, ஒண்ணொண்ணா சாயுதுங்க. சரி, தூங்கட்டும்னு விட்டேன். எழுந்ததும் கேட்டாங்க பாருங்க கேள்வி! எனக்கே பதில் தெரியல. அதுலேருந்து முதல் பீரியட் தூக்கம். மார்க் எங்கேயோ போயிடுச்சு."

"சொல்றது நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல? கொஞ்ச நேரம் பார்க்கறேன்" என்று அதிகாரி விறைப்பாக உட்கார்ந்தார்.

மின்விசிறி சோம்பலாகச் சுற்றியது. ஜன்னல் துணி மெல்ல உப்பி, மெல்ல அடங்கியது. முதல் ரயிலைப் பிடிக்க இருட்டிலேயே எழுந்தது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கண்ணை ஒரு கணம் மூடினார்.

எங்கு பார்த்தாலும் மூட்டைகள். மலைபோல மூட்டைகள். எல்லாமே பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தன. அவர் வெறுங்காலோடு ஏறிக்கொண்டே இருந்தார். உச்சியில் யாரோ வாய்ப்பாடு சொன்னார்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு பறவையாகி நீல வெளிச்சத்துக்குள் போனது. அவற்றை எண்ண வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

விழித்தபோது மடியில் ஒரு பழைய போர்வை கிடந்தது. எதிரே ஒரு சிறுமி. அப்பா தக்காளிப் பெட்டி இறக்குவதால் வகுப்பே அவளைத் 'தக்காளி' என்றுதான் கூப்பிடும்.

"நீங்களும் மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்தீங்களா அத்தை?"

அதிகாரிக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. ஜன்னல் துணிகள் விலகியிருந்தன. பெஞ்சுகள் பழைய இடத்துக்கு வந்திருந்தன. பிள்ளைகளின் முகமெல்லாம் அப்போதுதான் கழுவியதுபோல் பளிச்சென்று இருந்தது.

அவர் எழுந்து கணக்குக் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் கைகள் உயர்ந்தன. தக்காளியிடம் பாடப் புத்தகத்தைக் கொடுத்தார். வீட்டில் வேறு மொழி பேசும் அந்தப் பெண் ஒரே ஓர் இடத்தில் தடுமாறி, தானே திருத்திக்கொண்டு, பக்கம் முழுவதையும் படித்தாள். படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மேகத்துக்குள்ள அவ்வளவு தண்ணி இருக்குன்னு போட்டிருக்கே, அப்புறம் ஏன் அது கீழ விழாம நிக்குது?"

அதிகாரி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கூரையைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் அதிகாரி தலைமை ஆசிரியரைக் கூப்பிட்டார். "நிறுத்த வேண்டாம் சார். விட்ட பாடத்தைச் சாயங்காலம் நடத்திக்கட்டும். மத்த வகுப்புக்கும் இதையே செய்ங்க. உத்தரவு நான் அனுப்புறேன், விரிப்பும் அனுப்பச் சொல்றேன்."

"நான்கூட அதைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன் மேடம்" என்றார் தலைமை ஆசிரியர், கொஞ்சமும் கூசாமல்.

டீச்சர் வாசல் கேட் வரை கூடவே வந்தாள். ஸ்டேஷனிலிருந்து கூட்டி வந்த ஆபீஸ் காரில் ஏறப் போன அதிகாரி திரும்பினார்.

"எனக்கு ஒண்ணுதான் ஆறலம்மா. இப்படி ஒரு நல்ல காரியத்தைப் போட்டுக் கொடுத்த அந்த ஆள் மட்டும் யாருன்னு தெரிஞ்சா, நான் சும்மா விட மாட்டேன்."

டீச்சர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"அது நான்தான் மேடம். நல்லது நடக்குது, வந்து பாருங்கன்னு உங்க ஆபீசுக்கு எத்தனையோ தடவை நடந்தேன், ஒருத்தரும் வரல. தப்பு நடக்குதுன்னு ஒரே ஒரு போன் போட்டேன், மறுநாளே வந்து நிக்கிறீங்க!"